கரண்டி அளவும் கிராம் அளவும்: வீட்டு ஐஸ்கிரீமில் ஜி.எம்.எஸ். பவுடர்

கோடை விடுமுறை வந்தால் வீட்டு ஐஸ்கிரீம் செய்முறைகள் கைமாறத் தொடங்கிவிடும். பெரும்பாலும் வாய்பாடு ஒன்றுதான்: அரை லிட்டர் பால், எட்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு கப் கிரீம், கொஞ்சம் சோளமாவு, இரண்டு மேசைக்கரண்டி ஜி.எம்.எஸ். பவுடர், கால் தேக்கரண்டி சி.எம்.சி. பவுடர். காய்ச்சி, ஆறவைத்து, உறையவைத்து, பீட்டரால் அடித்தால் அந்த அரை லிட்டர் பால் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீமாகப் பொங்கிவிடும். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். அந்தப் பொங்கலை உண்டாக்கும் பொடி பயனுள்ளது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை நாம் அளக்கும் விதமும் வாங்கும் விதமும்தான் சரியில்லை.

ஜி.எம்.எஸ். என்பது கிளிசரால் மோனோஸ்டியரேட். எண்ணெயோ நெய்யோ, எந்தக் கொழுப்பிலும் ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கும். ஜி.எம்.எஸ்ஸில் ஒன்றுதான் உண்டு. காலியாக இருக்கும் பக்கம் தண்ணீரோடு சேரும். கொழுப்பு ஒட்டிய பக்கம் எண்ணெயோடு சேரும். ஒட்டாத இரண்டையும் இணைத்து வைப்பதால் இது பால்மமாக்கி. ஆலையில் கொழுப்பையும் கிளிசராலையும் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி இதைச் செய்கிறார்கள். பாக்கெட் உணவுகளின் உறையில் 471 என்ற எண் இது சேர்ந்த பால்மமாக்கிக் குடும்பத்தைத்தான் குறிக்கிறது. நாம் உண்ணும் கொழுப்பு குடலில் செரிக்கும்போதும் இதே வகைப் பொருள்கள் உண்டாகின்றன. உடலுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல.

இதன் வேலைத்திறனைப் பாராட்டத்தான் வேண்டும். பாலில் உள்ள கொழுப்புத் துளிகளைப் புரதம் போர்த்தியிருப்பதால் அவை ஒன்றோடொன்று சேராமல் மிதக்கின்றன. ஐஸ்கிரீம் கலவை குளிரில் இருக்கும்போது ஜி.எம்.எஸ். அந்தப் புரதப் போர்வையை விலக்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அடிக்கும்போது துளிகள் அரைகுறையாக ஒட்டி, காற்றுக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் கட்டுகின்றன. ஐஸ்கிரீம் உதிராமல் நிற்பதும், தட்டில் வைத்ததும் ஓடிவிடாமல் மெல்ல உருகுவதும் இந்தச் சுவரால்தான். ரொட்டியில் இது மாவுச்சத்தைப் பிடித்துக்கொண்டு, அது சீக்கிரம் விறைக்காமல் தடுக்கிறது. பேக்கரி பிரெட் மறுநாளும் மென்மையாக இருப்பது அப்படித்தான்.

ஆனால் இத்தனை வேலைக்கும் ஐஸ்கிரீம் ஆலை போடும் அளவு பொதுவாக எடையில் 0.1 முதல் 0.3 சதவீதம். நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மேசைக்கரண்டி ஏறக்குறைய 15 கிராம். பால், கிரீம், சர்க்கரை எல்லாம் சேர்ந்து 870 கிராம் என்று கொண்டால் 1.7 சதவீதம். ஆலையின் உச்ச அளவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பழைய உணவுக் கலப்படத் தடை விதிகள் ஐஸ்கிரீமில் பால்மமாக்கி, நிலைப்படுத்தி எல்லாவற்றையும் சேர்த்தே 0.5 சதவீதத்தில் நிறுத்தியிருந்தன.

செய்முறை எழுதியவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆலையில் கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கவும், உறையும்போதே கடையவும் இயந்திரங்கள் இருக்கின்றன. வீட்டில் மிக்சியும் ஃபிரீசரும்தான். அந்தக் குறையைப் பொடியால் ஈடுகட்டினார்கள். அதற்கு நாக்கு விலை கொடுக்கிறது. ஜி.எம்.எஸ். உருக ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம் வேண்டும். வாயின் சூட்டில் அது உருகாது. அளவு மிஞ்சினால் அண்ணத்தில் மெழுகு பூசியது போலிருக்கும், வெனிலாவின் மணமும் மங்கும்.

இரண்டாவது குறை காற்று. ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும், அதில் பால் கொழுப்பு 10 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. 870 கிராம் கலவையை இரண்டு லிட்டராக ஊதினால் லிட்டருக்கு 435 கிராம்தான். கிரீமையும் விட்டுவிட்டு வெறும் பாலில் செய்தால் கொழுப்பும் பெயருக்குத்தான். கடை ஐஸ்கிரீமில் வெறும் காற்றை விற்கிறார்கள் என்று குறைப்படும் நாம், அதைவிட அதிகக் காற்றை வீட்டிலேயே அடித்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோம்.

உடல்நலக் கேள்வியில் பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் 471ஐ மறுஆய்வு செய்து, பாதுகாப்புக் கவலை இல்லை என்றது. கூடவே ஈயம், ஆர்சனிக் போன்ற மாசுகளுக்கான வரம்புகளை இறுக்கச் சொன்னது. 2023இல் பிரான்சில் சுமார் 95,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, இந்தக் குடும்பத்துப் பொருள்களை அதிகம் உண்டவர்களிடம் இதயநோய் சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டது. அது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. சி.எம்.சி.யோ கொழுப்பே அல்ல. தாவர நார்ச்சத்திலிருந்து செய்யும் கெட்டிப்பொருள். 2022இல் வெளியான சிறு சோதனையில், தினம் 15 கிராம் சி.எம்.சி. உண்டவர்களின் குடல் நுண்ணுயிர்கள் மாறியிருந்தன. கால் தேக்கரண்டி அதன் அருகில்கூட வராது. ஆனாலும் பிரெட், பிஸ்கட், கேக் என்று பல வழிகளில் இவை ஏற்கெனவே உள்ளே போகும் காலத்தில், வீட்டிலும் ஐந்து மடங்கு போடுவதற்கு நியாயம் இல்லை.

இதையெல்லாம்விட நேரடியான ஆபத்து அலமாரியில் இருக்கிறது. ஜி.எம்.எஸ்., சி.எம்.சி., சமையல் சோடா, சிட்ரிக் அமிலம் எல்லாமே வெள்ளைப் பொடிகள். உதிரியாகக் கட்டிக் கொடுத்த பொட்டலத்தில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. முகப்பூச்சு கிரீம் செய்வதற்கென்று சோப்பு வகை உப்பு கலந்த ஜி.எம்.எஸ்ஸும் விற்கிறது, அது சமையலுக்கு ஆகாது. உணவுத்தரம் என்ற குறிப்பும் உரிம எண்ணும் உள்ள பாக்கெட்டையே வாங்க வேண்டும். இதைப் பாமாயிலிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம் என்பதால், சைவ உணவுக்காரர்கள் பச்சைப் புள்ளியைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது. வாங்கியதைப் பெயர் ஒட்டிய, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பின் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். நுண்பொடியை அடுப்புத் தீயருகே உதறிக் கொட்டுவதும், தூசு மூக்கில் ஏறும்படி கொட்டுவதும் தவறு.

சமைக்கும்போது குளிர்ந்த பாலில் கலந்து, விடாமல் கிளறி நன்றாகச் சூடாக்கினால்தான் ஜி.எம்.எஸ். முழுதாக உருகும், அரைச்சூட்டில் இறக்கினால் மெழுகுத் துணுக்குகளாக நிற்கும். சி.எம்.சி.யைச் சர்க்கரையோடு கலந்து தூவினால் கட்டிதட்டாது. கலவையைச் சீக்கிரம் ஆறவைப்பதும், இடையில் எடுத்து அடிக்கும் பீட்டரும் பாத்திரமும் சுத்தமாக இருப்பதும் பொடியைவிட முக்கியம். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை.

அப்படியானால் எவ்வளவு போடலாம்? 870 கிராமுக்கு 0.3 சதவீதம் என்றால் 2.6 கிராம், தட்டையாக ஒரு தேக்கரண்டி. கிரீமைக் குறைக்காமல், ஒன்றரை லிட்டர் வந்ததும் அடிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். குவளை கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். ஆனால் அதில் பாலின் ருசி தெரியும். செய்முறை எழுதுபவர்கள் இனி மேசைக்கரண்டியை விட்டுவிட்டுக் கிராமில் எழுதினால், அதை நம்பி அடுப்பு பற்றவைக்கும் வீடுகளுக்கு அது பெரிய உதவி.