ஜிலேபிக்கு ஏற்ற தூண்டில்

1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் ஜிலேபி. இன்று தாமிரபரணிக் கரைக்காரர்களுக்குச் சொந்த மீன். கையகல ஜிலேபியைக் கரையேற்ற ரீல் வேண்டாம், நுனி வளையும் மூங்கில் கம்பு போதும். மீன் பக்கவாட்டில் திரும்பி இழுக்கையில் அந்த வளைவுதான் வேகத்தை வாங்கிக்கொண்டு தூண்டில் நரம்பைக் காப்பாற்றுகிறது. விறைத்த கம்பென்றால் நரம்பு அறும், அல்லது உதடு கிழியும்.

முள் சின்னதாக இருக்கட்டும். உடம்பு பெருத்தாலும் ஜிலேபிக்கு வாய் சின்னது. மண்புழுவைக் கொறித்துத்தான் தின்னும். அந்தக் கொறிப்பு தடித்த தக்கையில் தெரியாது. உதிர்ந்த மயிலிறகின் தண்டை மிதக்கவிட்டால் தெரியும். தண்டு சாய்ந்து நகரும்போது மணிக்கட்டைச் சுண்டினால் போதும். உடனே தூக்காதீர்கள். அமலைச்செடிக்குள் புகவிடாமல் கரையோரமாக நடத்திக் கொண்டுவாருங்கள். வெறுமனே பிடித்தால் முதுகுமுள் கையில் ஏறும். தலையிலிருந்து வால்பக்கமாகத் தடவிப் பிடியுங்கள்.