பீப்பாயில் ஆறு வருஷம்: வின்யா தொந்தோனியா ரிசெர்வா 2001

என் பழைய குறிப்பேட்டில் இந்த ஒயினுக்கு எதிரே "சுத்தமான ஸ்பானிய மரபு" என்று எழுதி வைத்திருந்தேன். போன வாரம் 2001 ரிசெர்வா பாட்டில் ஒன்றைத் திறந்த கையோடு அந்த வரியை அடித்துவிட்டேன். ஒயின் ஏமாற்றவில்லை. தப்பு என் வார்த்தையில்.

ஆரோ, வட ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் உள்ள சின்ன ஊர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, போர்தோ வியாபாரிகள் ஒயின் தேடி இங்கே வந்தார்கள். போர்தோ பாணியில் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒயினை முதிரவைக்கும் பழக்கம் ரியோஹாவில் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான். 1877இல் ரஃபாயேல் லோபெஸ் தே எரேதியா தன் ஒயின்கூடத்தைத் தொடங்கினார். இன்றும் அவர் குடும்பம்தான் நடத்துகிறது. ஆக, நாம் மரபு என்று கும்பிடுவது அன்றைக்குப் புதுசு. இறக்குமதிச் சரக்கு. ஓக் மரம்கூட அமெரிக்காவிலிருந்து வருவது.

அப்போ மரபு என்பது வெறும் விளம்பரமா? அப்படியும் சொல்ல முடியவில்லை. ரிசெர்வா என்று பெயர் போட ரியோஹா விதி கேட்பது மொத்தம் 3 வருஷம், அதில் பீப்பாயில் 1 வருஷம். இவர்கள் பீப்பாயிலேயே 6 வருஷம் வைக்கிறார்கள். பீப்பாயைத் தங்கள் பட்டறையிலேயே செய்கிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை பீப்பாய் மாற்றி வண்டலைப் பிரிக்கிறார்கள். கடைசியில் முட்டை வெள்ளைக்கரு. அது துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும்.

இதில் பீப்பாய் பழசு என்பதுதான் விஷயமே. புது மரத்தில் ஆறு வருஷம் கிடந்தால் வெனிலாவும் தேங்காய் வாசனையும் திராட்சையை விழுங்கிவிடும். (தேங்காய் என்பது என் கற்பனை இல்லை; அமெரிக்க ஓக்கில் அந்த வாசம் தரும் லாக்டோன் நிறையவே உண்டு.) பழைய மரம் கொடுப்பது பெரும்பாலும் காற்றைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும் ஆக்ஸிஜனில் நிறமியும் டானினும் ஒன்றோடொன்று பிணைந்து, ஊதாச் சிவப்பு செங்கல் நிறமாகிறது.

கிளாஸில் ஊற்றியதும் நெடுநாள் பூட்டிக்கிடந்த மர பீரோவைத் திறந்த வாசனை. சந்தேகப்பட்டேன். அரை மணி நேரத்தில் காய்ந்த செர்ரி, புகையிலை, ஆரஞ்சுத் தோல். நான் எதிர்பார்க்காதது அந்தப் புளிப்பு. இத்தனை வருஷம் கழிந்தும் நாக்கின் ஓரத்தில் சுரீரென்று நிற்கிறது. முக்கால்வாசி தெம்பிரானியோதான். கூட இருக்கும் கிராசியானோ கொஞ்சமே என்றாலும் புளிப்பில் அதற்கும் பங்கு உண்டு. குறை என்றால், பழச்சுவை மெலிந்துவிட்டது. கெட்டியான, தித்திப்பான சிவப்பு ஒயின் பழகியவர்கள் "இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்பார்கள். அவர்களோடு சண்டை போடமாட்டேன்.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். நிலவறையில் சிலந்தி வலையைக் கலைக்காமல் விட்டிருக்கிறார்கள். கார்க்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி பிடிக்கும் என்பது விளக்கம். காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் இந்த ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் வலையைத்தான் படம்பிடிக்கிறார்கள். பீப்பாய் செய்யும் பட்டறையைக் காட்டுவது அபூர்வம். அதே வளாகத்தில் ஸாஹா ஹதீத் வடிவமைத்த, 2006இல் திறந்த நவீன மண்டபம் நிற்பதை மரபு பேசுகிறவர்கள் கண்டுகொள்வதே இல்லை.

பாதி பாட்டிலை மூடிவைத்து மறுநாள் சாயங்காலம் குடித்தேன். பீரோ வாசனை போயே போய்விட்டது, புளிப்பு அப்படியே. குறிப்பேட்டில் அடித்த வரிக்கு மேலே "பழைய பீப்பாய், 6 வருஷம், முதல் நாளே முடித்துவிடாதே" என்று எழுதி வைத்திருக்கிறேன்.