கார்லைல் மாணவர்களின் லாகவம்

அமெரிக்கப் பந்தாட்டம் என்றால் முட்டி மோதிப் புரளுவதுதான் என்று பெரிய கலாசாலைகளெல்லாம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பந்தைக் கண்ணுக்கு மறைத்து விளையாடுவதும் ஒரு வித்தை என்று பரிபூரணமாகக் காட்டியவர்கள், பென்ஸில்வேனியாவிலிருந்த கார்லைல் பூர்வகுடிப் பள்ளியின் மாணவர்களே. 1879-ல் பழைய ராணுவப் பாசறையில் தொடங்கிய அந்தப் பள்ளி, பிள்ளைகளின் நீண்ட கூந்தலைக் கத்தரித்தது. தாய்மொழியில் பேசலாகாது என்று தடுத்தது. அப்படியெல்லாம் அடக்கி வளர்க்கப்பட்டவர்களுடைய கால்களிலும் கைகளிலும் இத்தனை சுதந்திரம் எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

1912-ஆம் வருஷப் பருவத்தில் அவர்கள் ஆடியவை 14, வென்றவை 12. ஆயினும் ரஸிகனுக்கு வேண்டியது கணக்கன்று, வியூகம்.

எதிரிகளைவிட எடை குறைந்த தம் மாணவர்களுக்கென்று பயிற்சியாளர் பாப் வார்னர் வகுத்த அந்த அமைப்பில், வழக்கமாகப் பின்னால் நிற்கும் ஆட்டக்காரர்களில் இருவர் முன்வரிசையின் இரு கோடிகளுக்கும் வந்து சிறகுகள்போல நின்றார்கள். நடுவில் குனிந்திருப்பவன் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னுக்குத் தள்ளிய மாத்திரத்தில், ஒரு சிறகுக்காரன் வரிசையின் பின்புறமாகக் குறுக்கே ஓடுவான். பந்தை ஏந்தியவனும் அவனும் தோளுரசிக் கடக்கும் அந்த ஒரு கணத்தில், பந்து வயிற்றோடு அணைந்து கைமாறியதா, வெறும் கைதான் அசைந்ததா என்று எதிரி தீர்மானிப்பதற்குள், ஆள் கோடியைச் சுற்றிப் போய்விட்டிருப்பான். தவிலில் அரை இடம் முந்தினாலும் சொல் கெட்டுப்போவதுபோல, இங்கே அரை அடி பிசகினாலும் மாயம் கலைந்துவிடும். பலத்தைப் பழக்கிக்கொள்ளலாம், இந்தக் காலப்பிரமாணம் பதினொருவருக்கும் ஒன்றாக வாய்ப்பது அபூர்வம்.

இந்த வித்தை பூரண சோபையுடன் வெளிப்பட்ட தினம் நவம்பர் 9. இடம், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலை. ஊண்டட் நீயில் பூர்வகுடிகளைத் துருப்புகள் சுட்டு வீழ்த்தி அப்போது 22 வருஷங்கள்கூட நிறையவில்லை. எதிரே நின்றவர்களோ நாளைய ராணுவ அதிகாரிகள். முதலில் புள்ளி எடுத்தது ராணுவத்தார்தான். அவர்களுடைய கவனமெல்லாம் கார்லைல் ஆட்டக்காரர் ஜிம் தார்ப் மீது இருந்தது. அவ்வருஷம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 2 தங்கப் பதக்கங்கள் வென்று வந்த வீரர் அல்லவா! அவரை மடக்கப் பாய்ந்தவர்களில், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஐசனோவரும் ஒருவர். தார்ப் ஒரு பக்கம் ஓடினால் நாலு பேர் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். 27-க்கு 6 என்று முடிந்த அந்த ஆட்டத்தில், மூன்று முறை எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்த்தவர் தார்ப் அல்லர். மறுபக்கமாக ஓடிய அலெக்ஸ் அர்காசா.