ஸ்ப்ளிண்டர் ட்வின் கட்டு

மேஜிக் சீட்டாட்டத்தில் காம்போ கட்டு என்றால் எனக்கு ‘ஸ்ப்ளிண்டர் ட்வின்’தான். அந்தப் பெயர்ச் சீட்டை ‘டிசீவர் எக்ஸார்க்’ என்ற உயிரி மேல் போட்டால் எக்ஸார்க் படுத்து, தன் நகலை உண்டாக்கும். வந்த நகல், படுத்த மூலத்தை நிமிர்த்திவிடும். நிமிர்ந்தது இன்னொரு நகல் போடும். லட்சம் வேண்டுமா, லட்சம். எல்லாம் உடனே பாயும்.

இது வித்தை, ரசனை மீதிச் சீட்டுகளில்தான். 60 சீட்டில் ஒன்றை நாலு பிரதி வைத்தாலும், முதல் ஏழில் அது வர வாய்ப்பு சுமார் 40 சதவீதமே. தேடித்தருவது எத்தனை, தடுப்பது எத்தனை என்று உருவிச் செருகிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எக்ஸார்க்குக்குப் பதில் வைக்கக்கூடிய ‘பெஸ்டர்மைட்’ பறக்கும், அழகுதான்; ஆனால் ‘லைட்னிங் போல்ட்’ தரும் 3 அடியில் செத்துவிடும். எக்ஸார்க் அதற்குச் சாகாது, அதன் தாங்குசக்தி 4. அந்த ஒற்றைப் புள்ளிக்காகவே எக்ஸார்க் நாலு பிரதி வைப்பேன்.

மாடர்ன் வகை ஆட்டத்தில் 2016-ல் ட்வினைத் தடை செய்தார்கள். 2024 டிசம்பரில்தான் விட்டார்கள், ரொம்பத் தாமதம்.