தனிக்கதையும் சங்கமக் கதையும்

வீரநாயகர்கள் தத்தம் தனிக்கதைகளிலேயே வாழ்வது சிறந்ததா, அல்லது பல கதைகளின் நாயகர்கள் ஒரே திரைப்படத்தில் வந்து கூடுவது சிறந்ததா என்ற விவாதம் ரசிகர்களிடையே சூடாக நடைபெறுகின்றது. ஹொலிவூட்டின் மார்வல் படங்களை வைத்துத் தொடங்கிய இவ்விவாதம், லோகேஷ் கனகராஜின் 'கைதி' (2019), 'விக்ரம்' (2022), 'லியோ' (2023) ஆகியவற்றின் பின்னர் தமிழுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 'லோகேஷ் சினிமாட்டிக் யூனிவர்ஸ்' என்பதன் சுருக்கமான எல்.சி.யு., கல்முனை, சம்மாந்துறை, வீரமுனைப் பக்கத்து இளைஞர்களுக்கும் விளக்கம் தேவைப்படாத ஒரு சொல். இந்நாயகர்களுக்கு அமானுஷ்ய சக்தி எதுவுமில்லை. எனினும் தனியொருவன் ஒரு படையையே வீழ்த்தும் இக்கதைகளைத்தான் தமிழ் ரசிகன் வீரநாயகக் கதைகளாக ஏற்றுக்கொண்டிருக்கின்றான்.

இதனைப் பொடியன்மாரின் பொழுதுபோக்கு என்று நமது இலக்கிய வட்டம் ஒதுக்கிவிடுவது பொருத்தமன்று. கதை சொல்லல் பற்றிய பழைய கேள்வியொன்றே இங்கு புதிய உடையில் வந்து நிற்கின்றது.

பல கதைகளின் மாந்தரை ஓரிடத்தில் கூட்டுவது ஹொலிவூட் கண்டுபிடித்த உத்தியல்ல. நமது படைப்போர் இலக்கியங்களில் வீரர்கள் திரளாக வருகின்றனர். சைத்தூன் கிஸ்ஸாவிலோ முகம்மது ஹனீபாவும் சைத்தூனுமே மனதில் நிற்கின்றனர். இவற்றின் வரலாற்றுத் தன்மை பற்றிய விவாதம் வேறு; கதை கேட்டவர்கள் இரண்டையும் விரும்பினர் என்பதே இங்கு முக்கியம். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தில் பாரதக் கதை பல நாள் சடங்காக விரிகின்றது. அதே பாரதத்திலிருந்து ஒரு வீரனின் கதையை மட்டும் எடுத்து ஓரிரவு ஆடுகின்றது மட்டக்களப்பு மரபின் வடமோடிக் கூத்து. பெருங்கதையும் கிளைக்கதையும் இம்மண்ணில் ஒன்றையொன்று விழுங்காமல் வாழ்ந்திருக்கின்றன.

ஆயிரத்தொரு இரவுகளில் இதற்கு இன்னும் நல்ல உதாரணம் உண்டு. கலீபா ஹாரூன் அர்ரஷீத் அதில் ஒரு கதைக்குரியவரல்லர். மாறுவேடத்தில், மந்திரி ஜஃபரும் காவலன் மஸ்ரூரும் உடன்வர, அவர் பல கதைகளுக்குள் நுழைகின்றார். சுமைதூக்கியும் மூன்று பெண்களும் பற்றிய கதையில், தனக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் அந்த வீட்டுக்குள் அனுமதிக்கப்படுகின்றார். நாடாள்பவர் அங்கே விருந்தாளி. கதை அந்த வீட்டுக்காரர்களுடையது. அவர் கேட்பதற்காக வருகின்றார், அவர் வந்ததால் பிறர் பேசுகின்றனர். சங்கமக் கதையின் இலக்கணத்தை இதிலிருந்தே வகுத்துவிடலாம்: வந்து சேரும் நாயகன் விருந்தாளியாக வரவேண்டும், வீட்டைப் பறிப்பவனாக வரக்கூடாது.

சங்கமக் கதையை விரும்பும் ரசிகர்களின் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. அவர்கள் பெறும் இன்பம் நினைவின் இன்பம். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) மார்வல் வரிசையின் 22ஆவது படம். அதில் டோனி ஸ்டார்க் இறக்கும்போது அரங்கு கலங்கியதற்குக் காரணம் அந்தப் படம் மட்டுமல்ல. 2008இல் வந்த 'அயர்ன் மேன்' என்ற தனிக்கதை. தனிக்கதைகள் சேமித்து வைத்ததையே சங்கமக் கதை செலவு செய்கின்றது. சேமிப்பு இருக்கும்வரை செலவு இனிக்கும். அடுத்த படத்துக்கான விளம்பரமாகவே ஒவ்வொரு படமும் எழுதப்படத் தொடங்கும்போது செலவு மட்டுமே எஞ்சுகின்றது. அதே கொமிக்ஸ் உலகிலிருந்து வந்த 'லோகன்' (2017), ஒரு முதிய போராளி, நோயுற்ற ஆசான், ஒரு சிறுமி என்ற மூவரோடு தன்னைச் சுருக்கிக்கொண்டதால் மனதில் ஆழமாகத் தங்கியது.

இனி லோகேஷின் படங்களுக்கு வருவோம். 'கைதி' ஒரே இரவில் நிகழும் கதை. பாடல் இல்லை, காதலி இல்லை. பத்தாண்டு சிறைவாசம் முடிந்து வெளிவரும் டில்லி, தான் ஒருபோதும் பார்த்திராத மகள் அமுதாவைக் காணப் புறப்படுகின்றான். வழியில், மயங்கிக் கிடக்கும் பொலிஸாரை ஏற்றிய லொறியை ஓட்டவேண்டிய நிர்ப்பந்தம் வருகின்றது. அவனுடைய ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அந்தச் சிறுமி காத்திருக்கின்றாள். படத்தில் போதைப்பொருள் ஒரு பேரச்சமாக, மனிதர்களை மிருகமாக்கும் ஒன்றாகக் காட்டப்படுகின்றது.

'விக்ரம்' அந்த உலகத்தை விரிக்கின்றது. மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை, பெருஞ்சத்தம் தாங்காத இதயம் கொண்ட பேரக் குழந்தை, போதையற்ற சமூகம் வேண்டும் என்ற கனவு ஆகியவை அதன் உள்ளீடு. துப்பாக்கிகள் முழங்கும் படத்தில் சத்தமே குழந்தைக்கு எதிரி என்று அமைத்தது சிலாகிக்கத்தக்க கற்பனை. ஆனால் படம் முடியும் இடத்தைக் கவனியுங்கள். சூர்யா ஏற்ற றோலெக்ஸ் சில நிமிடங்களே வருகின்றான். 'கைதி'யின் வில்லன்களும் அங்கே வந்து நிற்கின்றனர். இரண்டு கதைகளும் சங்கமிக்கும் அந்தக் கணத்தில் விசில் பறக்கின்றது. யாருக்கு? போதைப்பொருள் வலையமைப்பின் தலைவனுக்கு. இரண்டரை மணிநேரத்துக்கு மேலாகப் போதைக்கு எதிராகப் பேசிய படம், தனது மிகப் பெரிய ஆரவாரத்தை அதன் வியாபாரிக்குப் பரிசளித்துவிடுகின்றது. பாத்திரம் இன்னும் வாழவேயில்லை. அவன் செய்த அழிவின் எடையைப் பார்வையாளன் உணரவுமில்லை. வந்துவிட்டான் என்பதே போதுமானதாகிவிட்டது.

நமது ஊர்களில் போதை திரைக்கதையின் கற்பனைப் பகைவன் அல்ல. 'ஐஸ்' என்ற சொல்லுக்கு இக்கரையோரத் தாய்மார் நடுங்கும் காலம் இது. ஆகவே சங்கமத்தின் கவர்ச்சி ஒரு கதையின் அறத்தை எவ்வாறு தலைகீழாக்குகின்றது என்பது நமக்கு வெறும் அழகியல் பிரச்சினையன்று. அமுதாவின் முகத்தை மறந்துவிட்டு றோலெக்ஸின் வருகைக்குக் காத்திருக்கும் மனநிலையை இந்த வடிவம் பழக்கிவிடுகின்றது.

'லியோ' இதன் இரு பக்கங்களையும் காட்டுகின்றது. கடந்தகாலத்தை மறைத்துக் குடும்பத்தோடு வாழும் பார்த்திபனின் கதை தன்னளவிலேயே போதுமானது. எனினும் இறுதியில் விக்ரமின் குரல் தொலைபேசியில் ஒலித்ததும், ஒரு குடும்பத்தின் கேள்வி முழுவதும் அடுத்த படத்தின் அறிவிப்பாகச் சுருங்கிவிடுகின்றது. மறுபுறத்தில், 'கைதி'யில் பொலிஸ் நிலையத்தைக் காத்துநின்ற எளிய கொன்ஸ்டபிள் நெப்போலியன், 'லியோ'வில் ஹிமாச்சலப் பிரதேசத்தில் பார்த்திபன் குடும்பத்தின் காவலுக்கு வருகின்றார். ஜோர்ஜ் மரியான் நடித்த இந்தப் பாத்திரம் எந்த ஆரவாரமும் கோரவில்லை. தன் அனுபவத்தைச் சுமந்துகொண்டு அயலவர் வீட்டு வாசலில் நிற்கின்றது. மூன்று படங்களிலும் மிகச் சிறந்த சங்கமம் இதுதான் என்பேன். நெப்போலியன் விருந்தாளியாக வருகின்றார்.

தனிக்கதை என்று அறிவித்துவிட்டால் மட்டும் படம் உயர்ந்துவிடுவதில்லை. 'கூலி' (2025) எல்.சி.யு.வுக்கு வெளியேயான படம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஆனால் உபேந்திராவும் ஆமிர் கானும் வந்துசேர, பாத்திரங்களின் சங்கமத்துக்குப் பதிலாக நட்சத்திரங்களின் சங்கமம் நிகழ்ந்தது. உண்மையான தனிக்கதை எது செய்யவல்லது என்பதற்கு மலையாளத்தின் 'மின்னல் முரளி'யை (2021) காட்டலாம். ஒரே மின்னல் தையற்காரன் ஜெய்சனையும் தேநீர்க்கடைத் தொழிலாளி ஷிபுவையும் தாக்குகின்றது. ஒருவன் நாயகன், மற்றவன் வில்லன். குரு சோமசுந்தரத்தின் ஷிபுவை நம்மால் வெறுக்க முடியவில்லை. அவனது நீண்டநாள் காதலுக்கும் ஊரின் இளப்பத்துக்கும் படம் நேரம் ஒதுக்கியிருக்கின்றது. தமிழில் 'மாவீரன்' (2023) கோழைத்தனம் மிக்க ஒரு சித்திரக்கதை ஓவியனை, இடிந்துவிழும் தரமற்ற குடியிருப்பின் கதையோடு பிணைத்தது. இந்த நேரமும் இந்த ஊரும் கூட்டப் படங்களில் முதலில் பலியாகின்றன.

எனவே தனிக்கதையா, சங்கமமா என்ற கேள்வியை வேறு விதமாகக் கேட்பதே நல்லது. வருகின்ற நாயகன் எதைக் கொண்டுவருகின்றான்? அவன் வந்தபின் வீட்டுக்காரர்களின் துயரம் கூடுதலாகக் கேட்கின்றதா, மங்கிப்போகின்றதா? ஹாரூன் அர்ரஷீத் வந்தபோது பெண்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். றோலெக்ஸ் வந்தபோது எல்லோரும் மௌனமானார்கள். நமது இளைஞர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்து விவாதிப்பார்களாயின், அது எந்தப் படத்தின் அடுத்த பாகத்தையும் விடப் பயனுள்ளதாக இருக்கும்.