ஆற்றுப்படையும் ஒருநாள் உலாவும்

வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, செல்ல வேண்டிய வழியையும் காண வேண்டிய வள்ளலையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டு நூல்களுள் சரிபாதியாகிய ஐந்து நூல்கள் இப்பெயர் பெறுவன என்பதைத் தமிழாசிரியர் நன்கு அறிவர்.

இக்காலத்தில் வழி சொல்லுதல் ஒரு தொழிலாகிவிட்டது. மலேசியாவில் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழிற் சட்டத்தின்படி உரிமம் பெற்றவரே சுற்றுலா வழிகாட்டியாகப் பணிபுரியலாம். அவ்வழிகாட்டி எட்டுப் பத்துப் பேரை ஒரு சிறு வண்டியில் ஏற்றிக்கொண்டு, காலை முதல் மாலை வரை ஊரைக் காட்டிப் பேசுகிறார். அப்பேச்சுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் தேர்வும் உண்டு. தேர்வு உள்ள இடத்தில் திறனாய்வுக்கும் இடம் உண்டு. நூலை ஆராய்வது போலவே இப்பேச்சையும் ஆராயலாம்; அதற்கேற்ற அளவுகோல் தமிழில் முன்பே இருக்கிறது.

மாக் மண்டினிலிருந்து புறப்படும் ஓர் உலாவை எடுத்துக்கொள்வோம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையில், பட்டர்வொர்த்தை அடுத்துள்ளது மாக் மண்டின். தொழிற்பேட்டையும் தமிழ்ப்பள்ளியும் உள்ள ஊர் அது. அங்குள்ளோர்க்கு எதிர்க்கரையில் இருக்கும் தீவு நாள்தோறும் காணும் காட்சி. முன்பு கார்களையும் ஏற்றிச் சென்ற கடற்படகு, 2023இல் புதிய படகுகள் வந்தபின் மக்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டுமே ஏற்றுகிறது. ஆகவே உலா வண்டி 1985இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே தீவை அடைகிறது. ஜார்ஜ் டவுன் நகரைக் கடந்து வடகரைச் சாலையைப் பிடித்தால் தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒருபுறம் மலை, ஒருபுறம் கடல். இடையே வளைந்து வளைந்து செல்லும் சாலை. தெலுக் பஹாங்கில் 2003இல் அமைந்த தேசியப் பூங்கா உள்ளது. அங்கிருந்து மலையேறி இறங்கினால் பாலிக் பூலாவின் பழத்தோட்டங்கள். மாலையில் வண்டி மீண்டும் பாலத்தைக் கடக்கும்.

இவ்வழியில் பெரும்பாலும் சொல்லப்படும் செய்திகள் எவை? பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், பிரான்சிஸ் லைட் வந்திறங்கியது 1786, ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது 2008. இவையெல்லாம் மெய்யே; ஒன்றும் பிழையில்லை. ஆயினும் இவை கையேட்டில் படிக்கக் கிடைப்பவை. உடன்வந்து சொல்பவர் ஒருவர் இருந்தும், கையேட்டில் உள்ளதையே கேட்டுத் திரும்புவதாயின், அவர் உடன்வந்ததன் பயன் யாது?

இவ்வினாவுக்கு விடை காணச் சிறுபாணாற்றுப்படை உதவும். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய அந்நூல், ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பாணரை வழிப்படுத்துவது. அதன் வழி கடற்கரையில் தொடங்குகிறது. முதலில் வரும் எயிற்பட்டினத்தில், அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள், படுத்துறங்கும் ஒட்டகங்கள் போலக் கரையில் கிடக்கின்றன. நுளையர் மகள் அவற்றையே விறகாக எரித்துத் தேறல் அரிக்கிறாள். பாணர்க்கு அங்கே தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். அடுத்து வேலூர், அங்கே எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் பெறலாம். அதன்பின் ஆமூர், அங்கே உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கலவையும். நெய்தல், முல்லை, மருதம் என நிலம் மாறும்போதெல்லாம் சோறு மாறுகிறது. சோற்றைத் தரும் கை மாறுகிறது. காட்சியை மட்டும் சொல்லி எந்த ஊரையும் புலவர் கடந்துவிடவில்லை. அங்கே வாழ்பவர் யார், அவர் செய்யும் தொழில் என்ன, வழிப்போக்கனுக்கு அவர் என்ன தருவார் என்ற மூன்றையும் சொன்ன பின்னரே அடுத்த ஊருக்கு நகர்கிறார்.

இதே கடற்கரைக்கு மற்றொரு வழிகாட்டியும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டிலிருந்து வாணிகம் செய்த, பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிய ‘எரித்திரையக் கடற்பயணம்’ என்னும் குறிப்பு அது. தமிழகத்தின் கீழ்க்கரைத் துறைமுகங்களாக அவர் வரிசைப்படுத்தும் பெயர்களுள் சோபட்மா என்பதும் ஒன்று. ‘சோ’ என்பதும் ‘எயில்’ என்பதும் மதிலைக் குறிக்கும் சொற்கள். எனவே சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்றும், அஃது இன்றைய மரக்காணம் என்றும் அறிஞர் பலர் கருதுவர். அக்கருத்தைக் கொண்டால், ஒரே பட்டினத்துக்கு மத்தியதரைக் கடல் உலகத்தார் எழுதிய வழிகாட்டி ஒன்றும் தமிழ்ப் புலவர் பாடிய வழிகாட்டி ஒன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

இரண்டையும் ஒப்பிடுதல் பயன் தரும். கிரேக்க வணிகர் துறைமுகத்தின் பெயரைச் சொல்கிறார். அங்கே கூடும் மரக்கலங்களின் வகைகளைச் சொல்கிறார். கங்கைக்கும் கிரைசே என்னும் பொன்னாட்டுக்கும் செல்பவை மிகப் பெரியவை என்கிறார். பொன்னாடு என்பது மலாய்த் தீபகற்பப் பகுதியே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். வணிகனுக்கு வேண்டியதை அவர் குறைவின்றிச் சொல்லியிருக்கிறார். அந்நூல் இல்லையேல் நம் வரலாறு பெரிதும் வறுமையுற்றிருக்கும். எனினும் அவர் குறிப்பில் விறகு எரிக்கும் பெண் இல்லை. மீன் சுடும் மணம் இல்லை. அதைப் படித்தவன் அப்பட்டினத்தில் வாணிகம் செய்யலாம். நத்தத்தனாரைப் படித்தவன் அப்பட்டினத்து வீட்டில் உண்ணலாம். இன்றைய உலாப் பேச்சு, நீளமும் ஆண்டும் எண்ணிக்கையும் அடுக்கும்போது வணிகர் நூலின் பக்கம் நிற்கிறது. வருபவர் வாங்க வந்தவரா, உறவாட வந்தவரா என்பதைப் பொறுத்தே பேச்சின் தன்மையும் அமைகிறது.

ஆற்றுப்படையின் மற்றொரு சிறப்பு எச்சரிக்கை. மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. அவ்வழியின் இடர்களை அது மறைக்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் இடம், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், கால் வழுக்கும் பாறை என ஒவ்வொன்றாகச் சொல்லி, எவ்வாறு தப்பிச் செல்வது என்றும் கூறுகிறது. வள்ளலைப் புகழவே எழுந்த நூல், அவன் நாட்டு வழியின் கொடுமையைச் சொல்ல அஞ்சவில்லை. வழிச் செல்வோன்மேல் உள்ள அன்பே அங்ஙனம் பேச வைக்கிறது.

இவ்வளவுகோலை வடகரைச் சாலைக்குக் கொண்டுவருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று எழுந்த ஆழிப்பேரலை மலேசியாவில் 68 உயிர்களைக் கொண்டது. அவர்களுள் 52 பேர் பினாங்கில் மாண்டவர். விடுமுறை நாளில் கடற்கரையில் பொழுதுபோக்க வந்த குடும்பங்கள் அலையில் சிக்கின. மீனவர் படகுகள் சிதைந்தன. அதே நாளில் அதே கடல், எதிர்க்கரையிலுள்ள நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோரை விழுங்கியது. கடலழகைக் காட்டும் பேச்சில் இச்செய்தி ஒரு வாக்கியமாகவேனும் வர வேண்டும். வந்தவர் மனம் வாடும் என்று அதை விடுவது முறையாகாது. கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுநிலம் நோக்கி ஓட வேண்டும் என்ற அறிவு, அச்செய்தியோடு சேர்த்துச் சொல்லப்படும்போதுதான் மனத்தில் நிற்கும். மலைபடுகடாம் காட்டும் நெறி இது.

இனி, தமிழர்க்கு நேரே உரிய ஒரு மௌனம் உண்டு. பாலத்தின்மேல் தீவு நோக்கிச் செல்லுகையில் இடப்பக்கம் பார்த்தால், பசுமை போர்த்த ஒரு சிறு தீவு தெரியும். அது பூலாவ் ஜெரெஜாக். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளர் இல்லமும், கடல்கடந்து வந்தோரைத் தனித்து வைக்கும் நிலையமும் அமைந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறித் தோட்ட வேலைக்கு வந்த தமிழர் பலர், பினாங்கு மண்ணை மிதிக்குமுன் அத்தீவில் அடைபட்டுக் கிடந்தனர். தொற்றுநோய் இல்லை என்று தெரிந்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர், 1969 முதல் 1993 வரை, அத்தீவு சிறைக்கூடமாகவும் இருந்தது. பாலத்தின் நீளத்தை மனப்பாடமாகச் சொல்லும் மாக் மண்டின் மாணவன் ஒருவன், தன் பூட்டன் முதலில் கால்வைத்த நிலம் சன்னலுக்கு வெளியே நகர்ந்து போவதை அறியாமலே பாலத்தைக் கடந்துவிடக்கூடும். இழப்பு என்பது இதுதான். அந்நிலத்தின் பெயரை ஒருவர் சொல்லியிருந்தால், அப்பாலம் அவனுக்கு வேறொரு பாலமாகியிருக்கும்.

சொற்களிலும் இத்தகைய புதையல் உண்டு. பத்து பெரிங்கி என்ற பெயருக்கு அயல்நாட்டார் பாறை என்று பொருள் கூறுவர். பத்து என்பது மலாய்மொழியில் கல். பெரிங்கி என்பதோ நம் பரங்கியே. சென்னையின் பரங்கிமலையில் உள்ள சொல்லும் இதுவே. ஒரு சொல் இரு கரைகளிலும் ஒரே அயலாரைச் சுட்டி நிற்கிறது. ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு தமிழ் முஸ்லிம் வணிகரின் பெயரைத் தாங்கியது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோவிலும் அருகருகே உள்ளன. தெலுக் பஹாங்கை அடுத்த முக்கா முனையில் 1883 முதல் நிற்கும் கலங்கரை விளக்கத்தைக் காட்டும்போது, பெரும்பாணாற்றுப்படை பாடும் நீர்ப்பெயற்றுத் துறையின் உயர்ந்த மாடத்து விளக்கையும் ஒரு தமிழாசிரியர் நினைவூட்டலாம். கலம் செலுத்துவோர்க்கு வழி காட்டிய அவ்விளக்கும் ஓர் ஆற்றுப்படையே.

இக்குறை பினாங்குக்கு மட்டும் உரியதன்று. மத்தியதரைக் கடற்கரைகளுள் பெயர்பெற்றது இத்தாலியின் அமால்பி கரை. 1997இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கும் சிறு வண்டிகளில் சிறு குழுக்கள் பொசிட்டானோ, அமால்பி, ரவெல்லோ என்று ஒரே நாளில் சுற்றி வருகின்றன. செங்குத்தான மலைச்சரிவில் எலுமிச்சைத் தோட்டங்கள் படிப்படியாக அமைந்திருப்பதைக் கண்டு எல்லாரும் வியப்பர். அப்படிகளைத் தாங்குவன சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள்; அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பழுது பார்ப்பவர் உழவர். அவர் கைவிட்டால் சரிவே இறங்கிவிடும். 1954 அக்டோபரில் பெய்த பெருமழையில் அக்கரையும் சலேர்னோவும் முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தன. அழகைத் தாங்கி நிற்கும் உழைப்பையும் அழகின் அடியில் உள்ள அச்சத்தையும் சொல்லாத பேச்சு, அங்கும் பாதிப் பேச்சே.

இங்கே ஒரு தடை எழும். ஆற்றுப்படை மட்டும் குற்றமற்றதோ? அது புரவலனைப் புகழும் நூல். வழியெல்லாம் அவன் வாயிலில் சென்று முடிவது. புலவரும் பரிசில் நோக்கினவரே. உலா வண்டி மாலையில் ஒரு கடைவாயிலில் நின்று பயணிகளை இறக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானதே. வேறுபாடு வழியில் உள்ளது. வள்ளலின் வாயிலை அடையுமுன், வலைஞரும் எயினரும் உழவரும் தத்தம் வீட்டில் பாணனுக்குச் சோறிடுகின்றனர். புரவலன் புகழுக்கு அவர்கள் கொடையே முன்னுரை ஆகிறது. கடையில் முடியும் உலாவும், வழியில் தெலுக் பஹாங் மீனவரையும் பாலிக் பூலாவ் தோட்டக்காரரையும் பெயர் சொல்லும் மதிப்போடு காட்டுமாயின், அதனைக் குறைகூற இடமில்லை. கூலிக்கு உழைக்கும் வழிகாட்டியை மட்டும் பழிப்பதும் முறையன்று. எட்டு மணி நேரத்தில் ஒரு தீவைக் காட்டுபவர், கேட்பவர் விரும்புவதையே சொல்வார். கேட்பவர் வினவினால் பேச்சு மாறும். சிறு குழுவின் நன்மையே அதுதான்: நாற்பது பேர் பேருந்தில் எழாத வினா, எட்டுப் பேர் வண்டியில் எழலாம்.

ஆகவே இப்பணி ஆசிரியர் கையில் இருக்கிறது. ஆற்றுப்படையை இலக்கணக் குறிப்பாகவும் தேர்வு வினாவாகவும் மட்டும் கற்பிக்கும் வகுப்பு, அதன் உயிரைத் தொடுவதில்லை. மாணவரைக் கரைச்சாலைக்கு அழைத்துச் செல்லுமுன், ஒவ்வொருவருக்கும் ஓர் ஊரை ஒதுக்கலாம். அங்கே வாழ்பவர் யார், அவர் தொழில் என்ன, அவர் உண்பது என்ன, அவ்வழியின் இடர் என்ன என்று அறிந்துவரச் செய்யலாம். மூத்தோரிடம் கப்பற்பயணத்தைக் கேட்டுவரச் சொல்லலாம். 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை தமிழரைச் சுமந்த ‘ராஜுலா’ கப்பலில் வந்தவர்கள் சிலரேனும் இன்னும் நம்மிடையே உள்ளனர். காலம் குறுகி வருகிறது. திரும்பிய பின், போகாத மாணவனுக்குப் போன மாணவன் வழி சொல்லட்டும். தான் பெற்றதைப் பெறாதவனுக்கு அறிவித்தலே ஆற்றுப்படை என்பது தொல்காப்பியர் கருத்து. அக்கருத்தின்படி, ஜெரெஜாக்கைக் காட்டி ‘அதோ’ என்று சொல்லும் ஒரு சிறுவனும் ஆற்றுப்படுத்துகிறான்.