இதழோரத்து வெள்ளை

ரப்பர் ஸ்டாம்பில் மை ஒற்றி அட்டையில் அழுத்தினால் கிடைப்பது வெறும் கோட்டு ரோஜா. அதே ஸ்டாம்பை எத்தனை பேர் வாங்கினாலும் கோடு ஒன்றேதான். வாட்டர்கலர் இறங்கிய பிறகு பாருங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது.

ஓர் இதழை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதலில் வெறும் தண்ணீரைக் கோட்டுக்குள் தடவ வேண்டும். தாள் மினுமினுத்தால் போதும், நீர் தேங்கக் கூடாது. பிரஷ் நுனியில் துளி அடர்சிவப்பை எடுத்து இதழின் அடியில் தொட்டதும் நிறம் தானாக மேலேறுகிறது. அடியில் குங்குமச் சிவப்பு, நடுவில் ரோஜா நிறம், ஓரத்தை நெருங்கும்போது இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத வெளிர்மை. அந்த ஓரம்தான் இதழைச் சுருட்டி மடித்துக் காட்டுகிறது. வெள்ளைச் சாயம் அங்கே துளியும் இல்லை. தெரிவது தாளின் வெள்ளை. இரண்டு ஈரங்கள் சேர்ந்தால் எல்லை கரைந்துவிடும் என்பதால், பக்கத்து இதழை விட்டுவிட்டு எதிர்ப்புறத்து இதழுக்குத் தாவுகிறது பிரஷ். அந்தப் பொறுமையே தனி அழகு.

மை விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. நீரில் கரையாத கறுப்பு மையில் ஒற்றினால் கோடு கம்பீரமாக நிற்கும். நான் மற்ற கட்சி. வெளிர் பழுப்பு மையில் மங்கலாக ஒற்றி வண்ணம் தீட்டினால், கோடு நிறத்துக்குள் மறைந்து பூ மட்டும் மிஞ்சும். தாள் பருத்தித் தாளாக, 300 ஜிஎஸ்எம் கனத்தில் இருந்தால் நிறைய நீருக்கும் ஈடுகொடுக்கும்.

அச்சுக்கோட்டுக்குக் கையால் நிறமூட்டுவது பழைய கலை. 1787இல் லண்டனில் தொடங்கிய கர்ட்டிஸின் தாவரவியல் பத்திரிகை, தன் பூப்படங்களுக்கு 1948 வரை கையாலேயே வண்ணம் தீட்டியது.

பாதி காய்ந்த இதழில் ஒரு சொட்டு நீர் விழுந்தால் நிறம் விலகி, நெளிநெளியான விளிம்போடு ஒரு திட்டு விரியும். இதைக் குறை என்பார்கள். எனக்கோ வெயில் பட்ட இதழில் தெரியும் நரம்போட்டமாகவே படுகிறது. உங்கள் ரோஜாவில் அப்படி ஒன்று விழுந்தால், தயவுசெய்து மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைத்துவிடாதீர்கள்.